சொற்பட்டியல் மட்டும் போதுமா? ஒரு நாவல் வழியே ஆங்கிலச் சொற்கள்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளிடம் இரண்டொரு கேள்விகள் கேட்பது நம் அறக்கட்டளையின் வழக்கம். உதவி கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அப்படிக் கேட்பதில்லை. பிள்ளைக்குப் பணத்தைத் தவிர வேறு என்ன தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் எழுபது, எண்பது மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். தடையில்லாமல், சத்தமாக வாசித்துவிடுகிறது. "இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள், கல்லூரியில் முதல் பருவத்திலேயே மூன்று நான்கு பாடங்களில் அரியர் வைத்துவிட்டு, "வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லி நின்றுவிடுவதைப் பார்க்கிறோம். கட்டணம் கட்ட ஆள் இருக்கிறது, பிள்ளைக்கு மூளையும் இருக்கிறது, பாடப்புத்தகத்தின் சொற்கள்தான் கதவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் நம்மிடம் ஒப்படைக்கும் ஜகாத்தும் ஸதகாவும் அந்த வாசற்படியோடு நின்றுவிடுகின்றன.

பெற்றோர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆயிரம் சொற்களும் பொருளும் அடங்கிய புத்தகம் வாங்கிக் கொடுத்து, தினம் பத்துச் சொல் மனப்பாடம் என்று கணக்கு வைக்கிறார்கள். பிள்ளையும் ஒப்பிக்கிறது. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பாதிக்கு மேல் மறந்திருக்கிறது. மறக்காத சொல்லும் வேறு இடத்தில் வந்தால் பிடிபடுவதில்லை. பட்டியலில் 'ரன்' என்றால் ஓடு. ஆனால் கடையை ரன் பண்ணுகிறார்கள், மூக்கு ரன் ஆகிறது, குழாயில் தண்ணீர் ரன் ஆகிறது, கிரிக்கெட்டில் ரன் எடுக்கிறார்கள். பட்டியல் இவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் சகோதரர்களைக் கவனித்துப் பாருங்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கூட டாலரன்ஸ், பேரிங், ஃபினிஷிங், ரிஜெக்ஷன் என்பவற்றையெல்லாம் சரியான இடத்தில் சரியான பொருளோடு பயன்படுத்துகிறார். யாரும் அவருக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. அந்தச் சொல் தினமும் வந்தது, வேலையோடு சேர்ந்து வந்தது, தவறாகப் புரிந்துகொண்டால் சூப்பர்வைசர் திட்டினார். ஒரே சூழ்நிலையில் திரும்பத் திரும்ப வந்ததால் சொல் உள்ளே போய் உட்கார்ந்தது. பட்டறைக்குப் போகாத பிள்ளைக்கு அப்படி ஒரு சூழ்நிலையை எங்கிருந்து கொண்டுவருவது? கதையிலிருந்து கொண்டுவரலாம்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அரபி மொழியைத் தொடக்கத்தில் கற்பிக்க நம் நாட்டு மத்ரஸாக்கள் பலவற்றில் 'கஸஸுன் நபிய்யீன்' என்ற நூலை வைத்திருக்கிறார்கள். லக்னோ நத்வாவைச் சேர்ந்த மவ்லானா அபுல் ஹஸன் அலீ நத்வி (ரஹ்) அவர்கள் தம் சகோதரர் மகனை மனத்தில் வைத்து எழுதியது. நபிமார்களின் வரலாறு சிறுவர்களுக்கு ஏற்ற எளிய அரபியில் இருக்கும். அதில் மவ்லானா ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டார்கள். குறைந்த சொற்களைக் கொண்டே எழுதுவது, அதே சொற்களையும் வாக்கியங்களையும் திரும்பத் திரும்ப வரவைப்பது. ஓதும் பிள்ளைக்கு அலுப்பும் தட்டாது. கதை ஓடிக்கொண்டே இருப்பதால் திரும்ப வருவதே தெரியாது.

நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கமீஸ்' என்ற சொல் அதில் மூன்று கட்டங்களில் வருகிறது. பொய் இரத்தம் தோய்த்துத் தந்தையிடம் கொண்டுவந்த சட்டை, பின்பக்கம் கிழிந்து உண்மையைக் காட்டிக்கொடுத்த சட்டை, கடைசியில் தந்தையின் முகத்தில் போட்டதும் பார்வை திரும்பிய சட்டை. இந்த வரலாற்றைக் கேட்ட பிள்ளை 'கமீஸ்' என்றால் சட்டை என்பதை ஆயுளுக்கும் மறக்காது. அகராதியில் ஒரு வரியாகப் படித்த பிள்ளை அடுத்த வெள்ளிக்குள் மறந்துவிடும்.

இதே எண்ணத்தோடு ஆங்கிலத்துக்காக உழைத்தவர் ஒருவர், நம் நாடு பிரிவினை ஆவதற்கு முன் வங்காளத்தில் இருந்தார். பெயர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். வங்காள மாணவர்கள் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாக வாசித்துப் புரிந்துகொள்ள முடியாமல் இருப்பதைக் கண்டார். பாடப்புத்தகங்களை வரிவரியாக ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. ஒரு பக்கத்துக்குள் புதிய சொற்களை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். கொட்டியவற்றில் பல அடுத்த பாடத்தில் திரும்ப வரவே இல்லை. அன்றாட வாழ்வில் அபூர்வமாக மட்டும் புழங்கும் சொற்கள் வேறு. அரிய சொற்களை நீக்கி, பழக்கமான சொற்களை இட்டு, புதிய சொற்களை இடைவெளி விட்டுப் பரப்பி வாசிப்பு நூல்களை அவர் மாற்றி எழுதினார். வங்காள அனுபவத்தை வைத்து இருமொழிக் கல்வி பற்றி அவர் எழுதிய நூல் 1926-ல் வந்தது. பிற்பாடு 1953-ல், ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் சுமார் 2000 சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். எளிமையாக்கிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் '1000 சொல் நிலை', '1500 சொல் நிலை' என்று போட்டிருக்கிறார்களே, அந்த வழக்கத்துக்கு அடி போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

இப்போதைய பாடப்புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் பாடம் விண்வெளி, இரண்டாவது பாடம் மரம் வளர்ப்பு, மூன்றாவது ஒரு தலைவரின் வாழ்க்கை. ஒவ்வொன்றும் நல்ல பாடம்தான். ஆனால் விண்வெளியில் வந்த சொல் மரத்தில் வராது, மரத்தில் வந்தது தலைவரிடம் வராது. நாவல் அப்படிப்பட்டதல்ல. அதே வீடு, அதே தெரு, அதே ஆட்கள், எழுதுகிறவரும் ஒருவரே. அவருக்குப் பழக்கமான சொற்கள் முதல் அத்தியாயத்திலும் வரும், பத்தாவதிலும் வரும். நூறு பக்கம் தாண்டிய பிள்ளைக்கு மீதிப் பக்கங்கள் எளிதாகிவிடுவதன் காரணம் இதுதான்.

எத்தனை தடவை வந்தால் சொல் பதியும் என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி பர்ஜெஸ் 1962-ல் வெளியிட்ட ஒரு நாவலில், ரஷ்ய மொழியிலிருந்து எடுத்துத் தாமே உருவாக்கிய இருநூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கலந்து எழுதியிருந்தார். (வன்முறை மிகுந்த நாவல் அது. நம் பிள்ளைகளுக்கு நாம் பரிந்துரைக்கவில்லை.) 1978-ல் பால் நேஷன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆங்கிலம் தெரிந்த சிலரிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்க மட்டும் சொன்னார்கள். சொற்களைப் பற்றித் தேர்வு வரும் என்று சொல்லவில்லை. படித்து முடித்த சில நாட்களில் சோதித்தபோது, கேட்ட சொற்களில் சராசரியாக முக்கால் பங்குக்குச் சரியான பொருள் சொன்னார்கள். ஆறு தடவைக்கு மேல் வந்த சொற்கள் பெரும்பாலோருக்குப் பதிந்திருந்தன. அதற்குக் குறைவாக வந்தவை பலருக்குப் பதியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஒரு தடித்த ஆங்கில நாவலை வாங்கிப் பிள்ளையின் கையில் திணித்துவிட வேண்டாம். அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு மற்ற ஆங்கிலச் சொற்களெல்லாம் தெரியும். நூறு சொல்லில் இரண்டு மட்டும் தெரியாததாக இருந்தால்தான் அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்துப் பொருளை ஊகிக்க முடியும் என்று நேஷனும் மற்றவர்களும் பின்னர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் 250 சொல் என்று வைத்துக்கொண்டால் ஐந்து. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம். இப்போதைக்கு அதைவிட எளிதானது வேண்டும். மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் வெளியிடும் சிறு கதைகளிலிருந்து தொடங்கலாம். நிலை 1 முதல் 4 வரை வாசிப்புத் திறனுக்கு ஏற்பப் பிரித்திருக்கிறார்கள்.

நம் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு நாம் தேர்ந்தெடுத்திருப்பது ஆர்.கே. நாராயண் எழுதிய 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. 1935-ல் லண்டனில் வெளிவந்தது. இளம் எழுத்தாளரின் கைப்பிரதியைப் படித்துவிட்டு அதற்குப் பதிப்பாளர் தேடிக்கொடுத்தவர் நாவலாசிரியர் கிரகாம் கிரீன். நாராயண் பிறந்ததும் பாட்டியிடம் வளர்ந்ததும் நம் புரசைவாக்கத்தில். அம்பத்தூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். லண்டன் பனியும் குதிரைப் பந்தயமும் வரும் நாவலைக் கொடுத்தால் பிள்ளை சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தச் சொல் குறிக்கும் பொருளையும் கற்பனை செய்ய வேண்டும். இதில் அந்த இரட்டைச் சுமை இல்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போக மனமில்லாத பையன், கண்டிப்பான அப்பா, செல்லம் கொடுக்கும் பாட்டி, பிரம்பு வைத்திருக்கும் தலைமை ஆசிரியர், கிரிக்கெட். எல்லாம் நம் தெருவில் இருப்பவை. நிலைமை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சொல்லின் பொருள் பாதி தானாக வந்துவிடுகிறது.

நாலாவது அத்தியாயத்தின் தலைப்பே ஒரு சொல்லைப் பற்றிய கேள்வி: 'டெயில்' என்றால் என்ன? போலீஸ் சூப்பரின்டெண்டெண்டின் மகன் ராஜத்தோடு ஸ்வாமி ஒட்டிக்கொண்டு திரிகிறான் என்று பழைய நண்பர்கள் அவனை 'ராஜத்தின் டெயில்' என்று கேலி செய்கிறார்கள். முதலில் அவனுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் வலிக்கிறது. டெயில் என்றால் வால் என்று மூன்றாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நாய்க்கு இருப்பதை மனிதனுக்குச் சொன்னால் என்ன அர்த்தமாகிறது என்பதை இந்த அத்தியாயம் கற்றுக்கொடுக்கிறது. நாமும் அப்படித்தானே சொல்கிறோம், அவனுக்கு இவன் வால் என்று. இரண்டு மொழியும் ஓரிடத்தில் சந்திக்கும்போது பிள்ளைகளுக்கு வரும் சிரிப்பை வகுப்பில் பார்க்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய அத்தியாயத்தில் ஸ்வாமி, தனக்கு வாங்க வேண்டிய பொருட்களுக்கு ஒரு பட்டியல் போடுகிறான். கோடு போடாத வெள்ளைத் தாள், நிப்பு, மை, கிளிப், பின். பட்டியலே கூடாது என்று சொல்லும் கட்டுரையில் இதைக் குறிப்பிடுகிறோமே என்று நினைக்காதீர்கள். இந்தப் பட்டியலுக்கு ஒரு பையனின் ஆசை பின்னால் இருக்கிறது. அப்பாவிடம் காசு கிடைக்குமா என்ற கவலை இருக்கிறது. இன்னொரு இடத்தில் அப்பா மாம்பழ விலைக் கணக்கு கொடுக்கிறார். பத்துப் பழம் பதினைந்து அணா என்றால் நாலு பழம் எவ்வளவு? ஸ்வாமிக்கோ பழம் கனிந்ததா காயா என்பதுதான் கவலை. ரைப், அன்ரைப் என்ற இரண்டு சொற்களை இதைவிடச் சுவையாக எந்த வாத்தியாரும் நடத்த முடியாது.

குறையும் உண்டு. தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம். அணா, நிப்பு, ஃபர்ஸ்ட் ஃபாரம் என்று வழக்கொழிந்த சொற்கள் வரும். அவற்றைப் படித்துத் தாண்டிப் போனால் போதும் என்று சொல்லிவிடுகிறோம். முதல் அத்தியாயத்தில் வேதப்பாட ஆசிரியர் ஒருவர் பிற மதத்தினரின் நம்பிக்கையைப் பழித்துப் பேசும் காட்சி வருகிறது. அப்படிப் பேசலாமா என்று அங்கேயே நிறுத்திப் பிள்ளைகளிடம் கேட்கிறோம்.

நடத்தும் முறையையும் சொல்லிவிடுகிறோம், வீட்டிலும் செய்யலாம். வாரம் ஒரு அத்தியாயம். மொத்தம் 19 அத்தியாயங்கள் என்பதால் ஐந்து மாதத்துக்குள் முடியும். தொடங்குமுன், தெரியாவிட்டால் கதையே விளங்காது என்ற அளவுக்கு முக்கியமான இரண்டு மூன்று சொற்களை மட்டும் ஆசிரியர் சொல்லிவிடுவார். முதல் தடவை படிக்கும்போது அகராதி கூடாது, செல்போன் கூடாது, தெரியாத சொல்லில் நிற்கவும் கூடாது. கதை எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். இரண்டாவது தடவையில் ஆளுக்கு எட்டுச் சொல் எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுக்க விடுவதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முப்பது சொல் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். எட்டாகக் குறைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். எதை விடுவது என்று யோசிக்கும்போதே பாதிச் சொற்கள் மனத்தில் ஏறிவிடுகின்றன.

நோட்டில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம். சொல், அது வந்த முழு வாக்கியம், யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னது, தமிழிலோ உருதுவிலோ பொருள், பிறகு தன் வீட்டைப் பற்றித் தானே எழுதிய ஒரு வாக்கியம். பலர் பொருளை எழுதிவிட்டு 'யார் யாரிடம்' என்பதை விட்டுவிடுகிறார்கள். அதை விடவே கூடாது. அப்பா மகனிடம் கோபத்தில் சொன்ன சொல்லை வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் எழுதினால் என்ன ஆகும்? அடுத்தடுத்த அத்தியாயங்களில் அதே சொல் மறுபடி கண்ணில் பட்டால் நோட்டில் அந்தச் சொல்லின் பக்கத்தில் ஒரு டிக் போட வேண்டும். ஆறு டிக் விழுந்த சொல்லை இனி எழுதிப் படிக்கத் தேவையில்லை. தாங்களே வேட்டையாடுவதுபோல் பிள்ளைகள் சொற்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் வீட்டில் உருது, தெருவில் தமிழ், மக்தபில் அரபி, தேர்வில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே வளர்கிறார்கள். நாலும் அரைகுறை என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. 'கமீஸ்' உருதுவிலும் இருக்கிறது, அரபியிலும் இருக்கிறது. ஒரு மொழியில் தெரிந்தது இன்னொன்றுக்கு ஏணியாகிறது. ஆங்கிலப் பொருளை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்று வகுப்பில் கட்டாயப்படுத்தாததும் இதனால்தான்.

"நாவல் படிப்பதெல்லாம் எதற்கு? வீண் பொழுதுபோக்கு" என்று பெரியவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். மரியாதையோடு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறோம். தமிழில் முதன்முதலாக வந்த நாவல்களில் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' 1885-ல் வந்தது. எழுதியவர் இலங்கை கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவரும், 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையை நடத்தியவரும் அவர்தான். ஒரே மனிதர் பள்ளியையும் திறந்தார், நாவலையும் எழுதினார். நூறு வருடம் கழித்து, 1988-ல், தேங்காய்ப்பட்டினத்தைச் சேர்ந்த தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எழுதினார். தம் ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வரக் கூடாது என்று மார்க்கத்தின் பெயரைச் சொல்லித் தடுத்த ஒரு பெரிய முதலாளியும், அவரை எதிர்த்து நின்ற ஏழை வியாபாரியும் அந்த நாவலில் இருக்கிறார்கள். சாகித்ய அகாடமி விருது 1997-ல் அவருடைய இன்னொரு நாவலுக்குக் கிடைத்தது. நாவல் வேண்டாம் என்பவர்கள் இந்தப் புத்தகத்தை மட்டுமாவது படித்துவிட்டு வந்தால் நாம் உட்கார்ந்து பேசலாம்.

அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது இதில் தடையே அல்ல, சொல்லப்போனால் வசதி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், "இந்த வாரம் அந்தப் பையன் என்ன பண்ணினான்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். வீட்டு மொழியில் கதையைச் சொல்லட்டும். உங்களுக்குத் தெரியாத கதையைச் சொல்வதால் பிள்ளை கவனமாகச் சொல்லும். எங்காவது தடுமாறினால் அங்கே ஒரு சொல் புரியவில்லை என்று அர்த்தம். போய்த் திரும்பப் பார்த்துவிட்டு வரும். நாவலிலும் பாட்டிக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. பேரன் அலுத்துக்கொண்டாலும் அவளுக்கு உட்கார்ந்து விளக்கம் சொல்கிறான்.

வகுப்பு இன்ஷா அல்லாஹ் சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கும், இஷாவுக்குப் பிறகு ஆண் பிள்ளைகளுக்கும் நடக்கும். புத்தகத்தின் பிரதிகள் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பிரதி என்ற கணக்கில் கொடுக்கிறோம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஓரத்தில் பொருள் எழுதக் கூடாது, அடுத்த வருடப் பிள்ளைக்கு அதே புத்தகம் வேண்டும். பக்கத்துக் கிளை நூலகத்தில் ஆண்டு உறுப்பினராகச் சேர்க்க விரும்புகிறவர்கள் ஆதார் நகலோடு அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பத்தை நிரப்ப உதவுகிறோம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். படிவத்தை அதுவே படித்து நிரப்பட்டும்.